பலகை மாறியது, புத்தி மாறலையே!

(பட்டிமன்றத் தலைப்பு: கம்ப்யூட்டர் விளையாட்டில் நம்மைக் கட்டிப் போடுவது காட்சியின் அழகா? எதிரியின் அறிவா? ‘எதிரியின் அறிவே’ அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! அழகை மட்டுமே நம்பி வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பரீட்சை நேரத்திலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருக்கிற பெற்றோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் பிரமாதமாகப் பேசினார்கள். திரையில் கடல் அலை எப்படிப் புரளுது, மலை மேல பனி எப்படிப் படியுது, எதிரி நாட்டு அரசர்கள் எப்படித் திரை நிறைய வந்து நின்று அவரவர் மொழியிலேயே பேசுகிறார்கள் என்று கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அத்தனையும் உண்மை. நான் மறுக்கலை. ஆனா போகும்போது ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனாங்க பாருங்க. “ஆபீசுல மேலதிகாரிகிட்ட தோக்குறோம், கடைத்தெருவுல காய்கறிக்காரர்கிட்ட தோக்குறோம், வீட்டைப் பத்திச் சொல்லவே வேண்டாம், கம்ப்யூட்டர்கிட்டயாவது ஒரு மனுஷன் ஜெயிச்சிட்டுப் போகக் கூடாதா?” அரங்கமே கைதட்டிச்சு. தட்டினதுல முக்கால்வாசி ஆண்கள்! (சிரிப்பு)

அம்மா, தாராளமா ஜெயிக்கட்டும். ஆனால் யாரை ஜெயிச்சான் என்று நான் கேட்கிறேன். தமிழன் எப்போதும் அதைக் கேட்டிருக்கிறான்.

பரணி என்று ஒரு இலக்கிய வகை நமக்கு உண்டு. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தி வென்றவனைப் பாடுவது பரணி என்று இலக்கணம் சொல்லும். செயங்கொண்டார் பாடியது கலிங்கத்துப் பரணி. அதில் ஜெயிச்சது யார்? முதலாம் குலோத்துங்க சோழனுடைய படை. படையை நடத்திப் போனவர் கருணாகரத் தொண்டைமான். அப்படின்னா நியாயமா என்ன பேர் வெச்சிருக்கணும்? சோழப் பரணின்னு வெச்சிருக்கணும். இல்லேன்னா குலோத்துங்கன் பரணி. வைக்கலையே! தோற்றுப் போன கலிங்கத்தின் பேரைத் தூக்கி வைத்தார்கள். தக்கயாகப் பரணியும் அப்படித்தான், தோற்றவன் தக்கன், நூல் அவன் பேரில். பரணி என்றாலே தோற்றவர் பேரில்தான் அமையும். காரணம் இருக்குங்க. கலிங்கம் பெரிசா இருந்தாத்தான் சோழன் பெரியவன். எதிரியை எலி ஆக்கிட்டா, ஜெயிச்சவன் யாரு? பூனை! (பலத்த கைதட்டல்)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் சிலபேர் “எந்த விளையாட்டைப் பத்திப்பா பேசுறீங்க?” என்று விழிப்பது தெரிகிறது. சிவிலைசேஷன் என்று ஒரு விளையாட்டு. நாகரிகம் என்று பொருள். சிட் மேயர் என்பவர் புரூஸ் ஷெல்லி என்பவரோடு சேர்ந்து உருவாக்கி 1991-இல் வெளிவந்தது. துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு டப்பு டப்புன்னு சுடுகிற ஆட்டம் இல்லை. சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது. கி.மு. 4000-இல் கையில் ஒரு சின்னக் குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்குவீர்கள். ஊர் அமைக்கணும், வயல் திருத்தணும், சக்கரம் கண்டுபிடிக்கணும், எழுத்து கண்டுபிடிக்கணும், கடைசியில் விண்வெளிக்கு ராக்கெட் விடணும். உங்களுக்கு ஒரு நாடு. பக்கத்து நாடுகளையெல்லாம் கம்ப்யூட்டர் நடத்தும். அந்தக் கம்ப்யூட்டர் அரசர்கள்தான் இன்றைக்கு நம் வழக்கில் குற்றவாளிகள்.

இந்த விளையாட்டின் நான்காம் பாகம் 2005-இல் வந்தது. ஐந்தாம் பாகம் 2010 செப்டம்பரில். நடுவில் ஐந்து வருஷம் ரசிகர்கள் காத்துக் கிடந்தார்கள். ஐந்தாம் பாகத்தில் என்ன மாற்றம்? நான்காம் பாகம் வரைக்கும் ஒரு கட்டத்துக்குள் எத்தனை படையை வேண்டுமானாலும் அடுக்கலாம். யானை, குதிரை, வில், வேல் எல்லாம் ஒரே கட்டத்தில். தீபாவளிக்கு முதல் நாள் பஸ் மாதிரி! (சிரிப்பு) அந்த மூட்டையை அப்படியே நகர்த்திக்கொண்டு போய் எதிரி ஊர் வாசலில் இறக்க வேண்டியதுதான். அழகில்லாத போர். ஐந்தாம் பாகத்தில் அதை மாற்றினார்கள். சதுரக் கட்டம் போய், தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டம் வந்தது. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு போர்ப்படைதான் நிற்கலாம் என்று சட்டம் போட்டார்கள்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது ஆடுபுலி ஆட்டம் ஆடினவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துத் தரையில் அந்தக் கட்டம் செதுக்கியே இருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் பல்லும் கிடையாது, நகமும் கிடையாது. பிறகு எப்படி ஆடு ஜெயிக்குது? இடத்தை அடைச்சு ஜெயிக்குது! ஒரு புள்ளியில் ஒரு காய்தான் நிற்க முடியும் என்கிற ஒரே சட்டம்தான் ஆட்டுக்கு ஆயுதம். எங்க அப்பத்தா ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தால் என் புலி மூன்றும் கால் மணி நேரத்தில் மூலையில் படுத்துவிடும். கட்டி முடிச்சிட்டு, “ஏலே, மூணு காய்க்கு முன்னாடியே நீ அந்த மூலைக்குப் போயிருக்கக் கூடாதுல”ன்னு காயைத் திரும்ப எடுத்து வெச்சுக் காட்டுவாங்க. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. இடம்தான் பலம் என்பது தெரிந்திருந்தது.

ஐந்தாம் பாகத்துக் கம்ப்யூட்டருக்கு அதுதான் தெரியலை.

நடுவர் அவர்களே, அது போர் செய்கிற லட்சணத்தைக் கேளுங்கள். வில்லாளி இரண்டு கட்டம் தள்ளி நின்று அம்பு விடலாம். கையோடு கை சண்டை வந்தால் நிற்க மாட்டான். அப்ப அவனை எங்க நிறுத்தணும்? பின்னால! நம்ம கம்ப்யூட்டர் மகாராஜா அவனைக் கொண்டுபோய் முன்னால நிறுத்துவார். வாள்வீரன் பின்னால நின்னு வேடிக்கை பார்ப்பான். மலை இடுக்கில் ஒரு படை போய் நின்றால் பின்னால் வருகிற படைக்கு வழி இல்லை. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை கார் நின்று போன கதை. சரி, கடல் வழியாகவாவது ஒழுங்கா வருவாரா? காலாட்படை தானாகவே படகேறிக் கடல் தாண்டலாம் என்று வசதி செய்து கொடுத்தார்கள். துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமல், நம் கப்பல்கள் வரிசையாக நிற்கிறதைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றாகப் படகில் வந்து மூழ்குவார். எட்டுப் படையோடு வந்த அரசனை மூன்று வில்லாளிகளையும் ஒரு கோட்டையையும் வைத்துக்கொண்டு விரட்டிவிடலாம். முதல் தடவை சிரிப்பு வரும். இரண்டாம் தடவை பரிதாபம் வரும். மூன்றாம் தடவை கொட்டாவி வரும். (கைதட்டல்)

இதைச் சொன்னால் எதிரணி நண்பர் உடனே என்ன சொல்வார் தெரியுமா? “ஐயா, கஷ்டமான படியை எடுத்து ஆடச் சொல்லுங்க!” வாங்க, அந்தப் படிக்கட்டையும் ஏறிப் பார்ப்போம். மொத்தம் எட்டுப் படி. நான்காவது படிக்கு இளவரசன் என்று பெயர். எட்டாவது படிக்குக் கடவுள் என்று பெயர். நம்ம நினைப்பு என்ன? படி ஏற ஏற எதிரிக்கு அறிவு ஏறும். அதுதானே முறை? அங்கேதான் ஏமாற்றம். எட்டாம் படியிலும் அதே வில்லாளி முன்னாலதான் நிற்கிறான்! அதே படகு மூழ்கத்தான் வருது! அறிவு ஒரு அங்குலம் ஏறலை. பிறகு எது ஏறுது? சலுகை ஏறுது. நீங்கள் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்கும்போது கடவுள் படியில் எதிரி இரண்டோடு தொடங்குவார். கையில் கூடுதல் படை. சில கண்டுபிடிப்புகள் இலவசம். படையும் கட்டடமும் அவருக்கு மலிவு. படிக்காத பையனுக்கு டியூஷன் வைக்காமல் கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்த மாதிரி! (பலத்த கைதட்டல்)

தாய்மார்களே, இதை நான் ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன் என்றால், தோல்வியில் இரண்டு ஜாதி உண்டு. அறிவாளியிடம் தோற்கிறது ஒன்று. சலுகைக்காரனிடம் தோற்கிறது ஒன்று. அப்பத்தாவிடம் தோற்றபோது ராத்திரி படுக்கையில் அந்த மூலையையே நினைத்துக்கொண்டு கிடப்பேன். மறுநாள் அந்த மூலைக்குப் புலி போகாது. சலுகைக்காரனிடம் தோற்கிற பிள்ளை என்ன நினைப்பான்? அவனுக்கு எல்லாம் கொடுத்து வெச்சிருக்காங்க, எனக்குத்தான் ஒண்ணும் இல்லேன்னு நினைப்பான். யோசனை போய்ப் புலம்பல் வந்திடும். வயசு பதினாலு, பதினைந்தில் ஒரு பிள்ளை நூறு மணி நேரம் ஒரு எதிரியோடு உட்காருகிறான் என்றால், அந்த எதிரி அவனுக்கு ஒரு வாத்தியார். வாத்தியார் முட்டாளாக இருந்தால் பள்ளிக்கூடம் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

எதிரணித் தலைவர் வள்ளுவரையே சாட்சிக்குக் கூப்பிட்டார். பகைமாட்சி என்று 87-ஆம் அதிகாரம். வலியவனோடு மோதாதே, மெலியவன் பகையை விடாதே என்றுதானே அங்கே சொல்லியிருக்கிறார், வள்ளுவரே சுலபமான எதிரியைத்தானே தேடச் சொல்கிறார் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த அதிகாரம் எதில் இருக்கிறது? பொருட்பாலில். அரசனுக்குச் சொன்னது. அங்கே தோற்றால் நாடு போகும், தலை போகும், வீட்டில் பெண்டு பிள்ளைகள் தெருவில் நிற்கும். அங்கே சுலபமான எதிரிதான் நல்ல எதிரி. விளையாட்டில் தோற்றால் என்ன போகும்? சாயங்காலம் போகும். வேண்டுமானால் ராத்திரிச் சாப்பாடு ஆறிப் போகும்! (சிரிப்பு) போரில் எதிராளி பகைவன். விளையாட்டில் எதிராளி கூட்டாளி. அவன் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. அந்த அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் படித்திருந்தால், எளிதில் தோற்கிறவன் யார் என்றும் வள்ளுவர் அங்கே சொல்லியிருப்பது தெரியும். அஞ்சுகிறவன், அறிய வேண்டியதை அறியாதவன், யாரோடும் சேராதவன். ஐந்தாம் பாகத்து அரசர்களை முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருக்கு! (பலத்த சிரிப்பு)

இன்னொரு சாட்சியும் கொண்டுவந்தார்கள். சாட்சாத் சிட் மேயரே! 2010-ஆம் வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் கூட்டத்தில் அவர் பேசியது. மூன்றுக்கு ஒன்று என்று பலம் இருக்கும்போது தோற்றால் ஆடுகிறவர் சண்டைக்கு வருகிறார், அதே ஒன்றுக்கு மூன்று என்று இருக்கும்போது தப்பித் தவறி ஜெயித்தால் வாயைத் திறப்பதே இல்லை என்று வேடிக்கையாகச் சொன்னார். பார்த்தீர்களா, ஜனங்களுக்கு ஜெயிக்கத்தான் ஆசை என்கிறார்கள். ஐயா, அவர் பேசியது தாயக்கட்டை சமாச்சாரம். அதிர்ஷ்டம். நாலு தடவை தாயம் போட்டு ஒரு தடவை விழாவிட்டால் வருகிற எரிச்சல். அறிவாளியிடம் தோற்றதற்காக யாரும் சண்டைக்கு வந்ததாக அவர் சொல்லலையே!

நான்காம் பாகத்தின் தலைமை வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன். அவரும் 2008-இல் அதே மாதிரிக் கூட்டத்தில் பேசினார். தோற்பதற்காக ஆடுவது என்பதுதான் தலைப்பே. ஆடுகிறவருக்குச் சுவை தரும்படி எதிரி தோற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நன்றாகத் தோற்கணும்னா முதலில் நன்றாக ஆடத் தெரியணுமே! பேரனோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிற தாத்தா வேண்டுமென்றே பின்தங்குகிறார். பேரனுக்கு ஆனந்தம், பார்க்கிற நமக்கும் ஆனந்தம். மூட்டுவலியால் ஓட முடியாத தாத்தா பின்தங்கினால் அதற்குப் பெயர் விட்டுக்கொடுத்தல் இல்லைங்க, வைத்தியச் செலவு! (சிரிப்பு, கைதட்டல்)

“மெஷினுக்கு ஏதய்யா அறிவு?” என்று கீழே ஒரு பெரியவர் கேட்கிறார். 1997 மே மாதம் டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டர் சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவை ஆறு ஆட்டத் தொடரில் வென்றது. ஒரு நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசிப் பார்த்தது. 2016-இல் கோ என்ற ஆட்டத்தில் ஆல்பாகோ என்ற நிரல் கொரியாவின் லீ செடோலை 4-க்கு 1 என்று வென்றது. ஆகவே முடியாத காரியம் இல்லை. சுலபமும் இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காயைத்தான் நகர்த்துகிறோம். இந்த விளையாட்டில் ஒரே முறையில் எல்லாப் படைகளையும் நகர்த்தலாம். பத்துப் படை, ஒவ்வொன்றுக்கும் ஆறு திசை என்று வைத்துக்கொண்டால், ஒரு கட்டம் நகர்த்துவதற்கே ஆறு கோடிக்கு மேல் வழி வரும். இருபது படை என்றால் 36 கோடி கோடி! வீட்டுக் கம்ப்யூட்டர் இதைச் சில நொடிகளில் யோசிக்கணும். பாவம்தான். ஆனால் பலகையை மாற்றியது யார்? ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்று சட்டம் போட்டவர்களுக்கு, அதற்கேற்ற மூளையையும் சேர்த்து வைக்கிற கடமை இல்லையா? மருமகளுக்கு விறகடுப்பை எடுத்துட்டு காஸ் அடுப்பை வெச்சா, பத்த வைக்கவும் சொல்லிக் கொடுக்கணுமா இல்லையா?

ஐந்தாம் பாகத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபரே 2013-இல் இதைப் பற்றி எழுதினார். 1994-இல் வந்த பான்சர் ஜெனரல் என்ற போர் விளையாட்டைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை. அந்த விளையாட்டில் வரைபடம் ஒரு போர்முனை. இங்கே வரைபடம் உலகம் முழுக்க! அங்கே ஒரு நாடு நிற்கிற இடத்தில் இங்கே நாலு கட்டம்தான் இருக்கும். படைகள் நிற்க இடமில்லை. நெரிசலைக் குறைக்க என்ன செய்தேன் என்றால், எல்லாம் மெதுவாக உற்பத்தியாகும்படி வைத்தேன், அதனால் ஆடுகிறவர் சும்மா காத்திருக்க வேண்டியதாயிற்று என்ற அளவில் அவரே எழுதிவிட்டார். பாராட்டணும். நான் அவரைக் குறை சொல்ல வரலை. அவர் வைத்த பலகை அருமையான பலகை. அதனால்தான் வயிறு எரியுது.

நடுவர்: நேரம் ஆச்சு, இரண்டு நிமிடத்தில் முடியுங்கள்.

முடிச்சிடறேன் ஐயா. காந்தி விஷயம் சொல்லாமல் உட்கார முடியாது. இந்த விளையாட்டில் இந்தியாவின் தலைவர் காந்தி. முதல் பாகத்தில் ஏதோ கணக்குப் பிழையால் காந்தி அணுகுண்டு போட ஆரம்பித்துவிட்டார் என்று ஊரெல்லாம் ஒரு கதை. 2020-இல் வந்த சுயசரிதையில் சிட் மேயர், அப்படி ஒரு பிழையே இல்லை என்று எழுதிவிட்டார். ஐந்தாம் பாகத்தில் அதை வேண்டுமென்றே கேலிக்காக வைத்தார்கள். இதில் நான் பார்ப்பது வேறு. நடக்காத ஒரு கதையைக்கூட உலகம் இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தது. எதைப் பற்றிய கதை? அலையைப் பற்றியா? பனியைப் பற்றியா? எதிரியின் குணத்தைப் பற்றி! அம்மையார் வர்ணித்த மலையைப் பற்றி ஒருத்தராவது கதை கட்டினாரா? (பலத்த கைதட்டல்)

2012-லும் 2013-லும் இணைப்புப் பாகங்கள் வந்தன. பல குறைகள் தீர்ந்தன, போர் புத்தி மட்டும் முழுக்கத் தேறலை. பிறகு அதைத் தேற்றியது யார் தெரியுமா? விளையாட்டை வாங்கின ரசிகர்கள்! கம்பெனி நிரலின் ஒரு பகுதியை வெளியிட்டதும், வாக்ஸ் பாப்புலி, அதாவது மக்கள் குரல் என்று பேர் வைத்து, சம்பளம் வாங்காமல் வருஷக் கணக்கில் உட்கார்ந்து, எதிரிக்குப் படை நடத்தக் கற்றுக் கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள் நடுவர் அவர்களே. ஜெயிக்கிறதுதான் ஆசை என்றால், ராத்திரி கண் விழித்துத் தன்னைத் தோற்கடிக்கத் தானே ஒருத்தனைத் தயார் பண்ணுவானா? அவர்கள் யாரும் புதுசா ஒரு மலை வரையப் போகலையே! 

2025-இல் ஏழாம் பாகம் வந்திருக்கிறது. நம்ம சோழரும் அதில் வந்துவிட்டார்கள். (கைதட்டல்) இருங்க, இருங்க. அதைவிட ஒரு விசேஷம், படைத்தளபதி என்று ஒருவரை வைத்து, சில படைகளை அவரோடு சேர்த்து ஒரே கட்டத்தில் அழைத்துப் போகலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஒரு கருணாகரத் தொண்டைமான் இல்லையே என்பது பதினைந்து வருஷம் கழித்துத்தான் தெரிஞ்சிருக்கு!

அடுத்துப் பேச எதிரணித் தம்பி காத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரே கேள்வி. கடவுள் படியில் ஆடித் தோற்ற ஒரு பையன் வந்து, “மாமா, நான் எந்த இடத்துல தப்புப் பண்ணினேன்?”னு கேட்டா என்ன சொல்வீங்க? அதற்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் பனியைப் பற்றியும் அலையைப் பற்றியும் பேசுங்க தம்பி. மணி அடிச்சிட்டாங்க. (பலத்த கைதட்டல்)